திமிரியும் பாரியும்

கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கு நாதசுரமே மங்கல இசை. ஆயின் இன்று பெரிதும் வழங்கும் நாதசுரம் பழைய வடிவினது அன்று.

பண்டு வழங்கியது திமிரி. நீளங் குறைந்த அக்கருவி நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் முழங்கும். வீதியுலாவில் தொலைவிலுள்ளோரையும் எட்டும். எனினும், சுத்த மத்திமம் அதில் இயல்பாக எழாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அடக்கியே அச்சுரத்தைப் பிடித்தல் வேண்டும்.

இக்குறையைப் போக்க விழைந்தவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் கருத்துக்கிணங்க, தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாயனத்தைத் திருத்தமுறச் செய்தளித்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்குத் தாழ்ந்தது. சுத்த மத்திமம் நேரே எழுந்தது. மேடையில் இராகத்தை விரித்து ஆலாபனை செய்ய அக்கருவி நன்கு வாய்த்தது. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதசுரம் 2022-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

பெற்றது பெரிது; இழந்ததும் உண்டு. வெட்டவெளியில் திமிரிக்கிருந்த வீச்சு பாரிக்கு இல்லை. உதட்டால் மத்திமத்தை வென்றெடுக்கும் பழம்பயிற்சிக்கும் தேவை குறைந்தது. ஆயினும், இம்மாற்றம் வாசிப்பவர்மேல் பிறர் சுமத்தியதன்று. வாசித்தவரே வேண்டிப் பெற்றது. அது நிலைபெற்றதன் காரணமும் அதுவே எனலாம்.