சிவகாசி காமிக்ஸும் படக்கதையின் வேகமும்

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. நிறுவியவர் சௌந்திரபாண்டியன். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. படங்களால் கதை சொல்லும் கலையைப் பயில விரும்புவோருக்குத் தமிழில் இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

மூலக்கதை 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. முதலில் வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். கட்டத்தில் ஆளே இல்லை. அந்தரத்தில் ஒரு கை கதவுப்பிடியைத் திருகுகிறது. வாசகரின் கண் வேறெங்கும் போக வழியில்லை. எதை வரையாமல் விடுவது என்பதும் ஓவியரின் திறமைதான் என்பதை இப்படி ஒரு கட்டமே காட்டிவிடுகிறது.

வாரந்தோறும் சில பக்கங்கள் மட்டுமே வந்த தொடர் என்பதால், ஒவ்வொரு தவணையும் ஆபத்தான கட்டத்தில் நிற்கும். அவற்றை ஒரே புத்தகமாகப் படிக்கும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை மூச்சு முட்டும். தமிழ் வாசகர்களுக்குப் பழகிப்போன வேகம் அதுதான்.

1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி, லண்டன் நாளிதழில் தினமும் ஒரு வரிசைப் படமாக வந்தவர். ஒரு நாளுக்குரிய சில கட்டங்களுக்குள் ஒரு திருப்பம் வேண்டும். நேற்றைய கதையையும் நினைவூட்ட வேண்டும். பின்னர் லயனில் ‘இரத்தப் படலம்’ என வந்த பிரெஞ்சு மொழித் தொடர் ‘XIII’ ஆல்பங்களாக, அதாவது முழுநீளப் புத்தகங்களாக, வந்தது. அதில் வசனமே இல்லாத கட்டங்களுக்கும் இடமுண்டு.

பயில்பவர்கள் வசனக் குமிழ்களைக் கையால் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் வரிசையாகப் பார்க்கலாம். கதை புரிந்தால் ஓவியர் தம் வேலையைச் செய்திருக்கிறார்.