மகிழடியில் ஒரு சத்தியம்

வளர்க்கும் நாயையும் பூனையையும் உடன் வைத்துக்கொண்டு, நாலு பேரோடு மரத்தடியில் கல்யாணம் செய்கிறார்களாம் இப்போது. நம் திருவொற்றியூரில் சுந்தரர், சங்கிலியார் கல்யாணத்துக்கும் ஒரு மரம்தான் சாட்சி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ஞாயிறு ஊரில் பிறந்த சங்கிலியார், ஒற்றியூர் கன்னிமாடத்தில் இருந்து சுவாமிக்குப் பூமாலை தொடுத்தவர். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரருக்கோ திருவாரூரில் ஏற்கெனவே பரவையார்! சந்நிதியில் பொய் சொல்ல அஞ்சி, "அந்த நேரம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் சம்மதித்துவிட்டு, சங்கிலியார் கனவில் போய், "மகிழடியிலேயே சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார். தப்ப வழியில்லை.

பிறகு ஆரூர் நினைவு வந்து கிளம்பியவருக்கு, ஊர் எல்லை தாண்டியதும் இரு கண்ணும் போயின. இடக்கண் காஞ்சியில், வலக்கண் ஆரூரில் திரும்பக் கிடைத்தன. என் அனுதாபம் என்னவோ சங்கிலியாருக்குத்தான். மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.