மொரேனோ, ஜேக்கப் லெவி

ஜேக்கப் லெவி மொரேனோ (18 மே 1889 – 14 மே 1974) உளநாடகம் என்னும் சிகிச்சை முறையை உருவாக்கிய மனநல மருத்துவர். ருமேனியாவில் பிறந்தார், வியன்னாவில் மருத்துவம் படித்தார், பிற்பாதி வாழ்வை அமெரிக்காவில் கழித்தார். மனக்காயத்தைச் சொல்வதைவிட, அதை மேடையில் மறுபடி நடத்திப் பார்ப்பது ஆழமாக வேலை செய்யும் என்பது இவருடைய நம்பிக்கை.

இவர் வாழ்க்கையை எழுதுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் பிறப்புதான். 1892இல், கருங்கடலில் போன கப்பலொன்றில், புயலடித்த இரவில் பிறந்ததாக மொரேனோவே சொல்லி வந்தார். நூல்கள் பலவும் அதை அப்படியே எடுத்து எழுதின. புக்கரெஸ்ட் நகரின் பிறப்புப் பதிவோ 1889 என்கிறது. தேதிக்குப் பதிவைத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் அந்தக் கப்பல் கதையை வாழ்க்கை வரலாற்றிலிருந்து நீக்கிவிடக் கூடாது. எந்த நாட்டையும் சேராதவனாகத் தன்னைக் காண விரும்பிய ஒருவரை அது காட்டுகிறது.

செபார்திய யூதக் குடும்பம் இவருடையது. சிறுவயதிலேயே வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாணவராக இருக்கும்போதே அவ்கார்ட்டன் பூங்காவில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார். கதையை அவர்களே நடித்து வளர்ப்பார்கள். முதல் உலகப் போரின்போது மிட்டர்ண்டார்ஃப் அகதிகள் முகாமில் மருத்துவராகப் பணியாற்றினார். யாரோடு யார் சேர்ந்து குடியிருந்தால் சச்சரவு குறையும் என்ற கேள்வி அங்கேதான் இவரைப் பிடித்துக்கொண்டது. 1917இல் பட்டம் பெற்றார்.

1921 ஏப்ரல் 1 அன்று வியன்னாவின் நாடக அரங்கொன்றில் ஒரு சிம்மாசனத்தையும் கிரீடத்தையும் வைத்துவிட்டு, நாட்டை ஆளத் தகுந்தவர் மேடைக்கு வரலாம் என்று பார்வையாளர்களை அழைத்தார். வந்தவர் எவரும் தேறவில்லை. அந்த நாளையே உளநாடகத்தின் பிறந்தநாளாக மொரேனோ குறித்தார். பிறகு, எழுதிவைத்த வசனமே இல்லாத ஒரு நாடகக் குழுவை நடத்தினார். பின்னாளில் திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற பீட்டர் லோரே அதில் நடித்தவர். அக்குழுவில் பார்பரா என்ற நடிகை எப்போதும் சாந்தமான பெண்ணாகவே மேடையேறுவார். வீட்டிலோ கணவரிடம் ஓயாத சண்டை. சீறும் பாத்திரங்களை மொரேனோ அவருக்குக் கொடுக்கத் தொடங்கியதும் வீட்டில் சண்டை தணிந்தது. அடுத்து கணவனையும் மனைவியையும் சேர்த்தே மேடையேற்றினார். இதை எழுதி வைத்தவர் மொரேனோதான். நாடகம் மருத்துவமாக மாறும் இடம் இதில் துலக்கமாகத் தெரிகிறது.

உளநாடகத்தில் சிகிச்சைக்கு வந்தவரே நாயகர். மருத்துவர் இயக்குநர். குழுவிலுள்ள மற்றவர்கள் நாயகருடைய தாயாக, முதலாளியாக, இறந்துபோன தம்பியாக வருவார்கள். நாயகரின் தோளருகே ஒருவர் நின்று, அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்வார். திடீரென இயக்குநர் இடம் மாறச் சொல்வார்: மகன் அப்பாவின் இடத்தில் நின்று, அப்பாவாகவே மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இடமாற்றமே முறையின் உயிர். நடிப்பு முடிந்ததும் பார்த்திருந்தவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. அந்தக் காட்சி தம் வாழ்வில் எதைத் தொட்டது என்று மட்டும் சொல்லலாம். காலி நாற்காலியில் ஒருவர் இருப்பதாகப் பாவித்துப் பேசும் வழக்கமும் இங்கிருந்து கிளைத்ததே. அதைப் பரவலாக்கிய மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் பேரிலேயே இன்று பலரும் அறிகிறார்கள்.

1925இல் அமெரிக்கா சென்றார். 1932 இலையுதிர் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். யாரோடு ஒரே விடுதியில் வசிக்க விருப்பம் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு, பதில்களை வட்டங்களாகவும் கோடுகளாகவும் மொரேனோ வரைந்தார். ஓடிப்போனவர்களை இணைத்த உறவுக் கண்ணிகள் அந்தப் படத்தில் தெரிந்தன. இந்தச் சமூக அளவியல் ஆய்வு 1934இல் நூலாயிற்று. இன்றைய சமூக வலைப்பின்னல் ஆய்வுக்கு அது ஒரு முன்னோடி. ஆய்வை வடிவமைத்ததிலும் கணக்கிட்டதிலும் அவருடைய சக ஆய்வாளர் ஹெலன் ஹால் ஜென்னிங்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒருவரைச் சுற்றியிருப்பவர்களோடு சேர்த்துத்தான் அறிய முடியும் என்ற மொரேனோவைத் தனி மேதையாக மட்டும் எழுதுவது அவருக்கே பொருந்தாது.

1936இல் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான பீக்கனில் மருத்துவமனை தொடங்கினார். உள்ளேயே வட்டமான படிநிலை மேடையும் மேலே ஒரு மாடமும் அமைத்தார். 1941இல் நோயுற்ற தன் அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே வந்தவர், ஆம்ஸ்டர்டாமில் பிறந்த செர்க்கா. பின்னர் உடன் பணியாற்றி, 1949இல் மொரேனோவை மணந்தார். நூல்களை இணைந்து எழுதினார், பயிற்சிகளை நடத்தினார். 1958இல் புற்றுநோயால் வலக்கையைத் தோளோடு இழந்த பிறகும் மேடையை விடவில்லை. மொரேனோ மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த செர்க்கா, முதிய வயதிலும் நாடு நாடாகச் சென்று கற்பித்தார். 2016இல் காலமானார்.