பெயர் மாற்றமும் வரலாற்று மறதியும்: பாலையூற்றிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்று, போர்த்துக்கேயப் பறங்கியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடங்களுள் ஒன்றாகும். கிழக்கிலங்கையில் தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களிற் பேர்பெற்ற இம்மக்களிடையே போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. திருகோணமலைப் பகுதியில் வாழ்ந்த ஆபிரிக்க வழியினரான காப்பிரியர், இவர்களோடு மணவுறவு கொண்டு பெரும்பாலும் இவர்களுட் கலந்துவிட்டனர். பறங்கியரின் திருமண வீடுகளில் ஆடப்படும் கபிரிஞ்ஞா ஆட்டத்தின் பெயரே அவ்வுறவை நினைவூட்டுவதாகும். கறுப்பின மக்கள் குறித்து அண்மைக்காலத்தில் உலகப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் எழுந்த சர்ச்சைகளை இவ்விடத்தில் நின்று நோக்குவதே எமது நோக்கமாகும். அவற்றை அமெரிக்காவின் பிரச்சினையாக மாத்திரம் கொள்வது, எமது வரலாற்றின் ஒரு பகுதியை நாமே மறுப்பதாய் முடியும்.

2020 மே 25ஆம் திகதி மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிஸ்காரரொருவராற் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த மக்கள் எழுச்சி சில வாரங்களுள் பெருநிறுவனங்களையும் பேச வைத்தது. கறுப்பினப் பணிப்பெண்ணின் உருவைத் தாங்கி 1889இல் தோன்றிய 'ஆன்ட் ஜெமைமா' என்ற வணிகப் பெயரைக் கைவிடுவதாகக் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அன்ட் லவ்லி' களிம்பின் பெயரை இந்துஸ்தான் யூனிலீவர் 2020 ஜூலையில் 'குளோ அன்ட் லவ்லி' என மாற்றியது. நிறுவனங்கள் மனம் திருந்தின என ஒரு சாரார் போற்றினர். கூச்சலுக்கு வணிகம் பணிந்துவிட்டது என மறுசாரார் இகழ்ந்தனர். இரு சாராரும் பெயரோடு நின்றுவிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. களிம்பு தொடர்ந்து விற்கப்பட்டது. நிறத்தைக் குறையெனக் கருதச் செய்து, அக்குறைக்கு மருந்தும் விற்கும் உறவு மாறவில்லை.

இவ்வுறவுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. யூனிலீவரின் முன்னோடிகளுள் ஒன்றான லீவர் பிரதர்ஸ், சவர்க்காரத்துக்கு வேண்டிய பாமெண்ணெயைப் பெறும்பொருட்டு 1911இல் பெல்ஜியக் கொங்கோவில் பெருநிலப் பரப்புகளுக்கான உரிமையைப் பெற்றது. அங்கு ஆபிரிக்கரின் கட்டாய உழைப்பு பயன்படுத்தப்பட்டமை வரலாற்றாய்வாளர் நிறுவிய உண்மையாகும். ஆபிரிக்கனின் உழைப்பு சவர்க்காரத்தின் மூலப்பொருளுக்கு வேண்டியிருந்தது. அவனது நிறமோ விளம்பரத்தில் கழுவித் தீரவேண்டிய அழுக்காயிற்று. ஆபிரிக்க அடிமை வணிகத்தை மூலதனத்தின் ஆதித்திரட்டலோடு மார்க்ஸ் இணைத்துக் காட்டியமை இவ்விடத்து மனங்கொள்ளற்பாலது. நிறவெறி வெறும் தப்பெண்ணமன்று. ஒரு பொருளாதார உறவை இயல்பானதெனத் தோன்றச் செய்யும் கருத்தியலாகும்.

இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. 1602இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கொழும்பில் அதன் அடிமைகள் அடைத்து வைக்கப்பட்ட பகுதி ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலன்ட்', அதாவது அடிமைத் தீவு, எனப்பட்டது. தமிழில் அது கொம்பனித்தெரு. பின்வந்த பிரித்தானியரும் கோவா, மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கித் தம் படையிற் சேர்த்தனர். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே ஆகும். 2022 டிசம்பரில் ஆங்கிலப் பெயரையும் 'கொம்பஞ்ஞவீதிய' என மாற்றுமாறு பிரதமர் தினேஷ் குணவர்தன பணித்தார். இழிபெயரை நீக்கும் விருப்பம் நியாயமானதே. எனினும் விளைவு விசித்திரமானது. அடிமையின் பெயர் அகன்றது. கொம்பனியின் பெயர் நிலைத்தது.

காப்பிரி என்ற சொல் மேலும் சிக்கலானது. அரபியில் நம்பிக்கையற்றவனைக் குறித்த இச்சொல், தென்னாபிரிக்காவில் நிறவெறியின் கொடிய வசைச்சொல்லாயிற்று. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரோ அதனைத் தம் இனப் பெயராகவே வழங்குகின்றனர். ஆகவே சொல்லொன்றின் பொருளை அதனை ஆள்வோரின் சமூக உறவே தீர்மானிக்கின்றது எனலாம். ஆனால் 'காப்பிலி' என நாம் சொல்லும்போது அது தற்பெயரன்று, ஏளனமே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நிறவெறிக்கு ஆளான எம்மவர் பலர், கறுப்பின அயலவரை அச்சொல்லாலேயே சுட்டினர். மணமகள் தேவை விளம்பரத்தில் நிறத்தைக் கேட்கும் சமூகம், களிம்பு விற்பவனை மாத்திரம் குற்றஞ்சாட்டித் தப்ப இயலாது. சாதியை உடலிற் படித்துப் பழகிய கண்ணே நிறத்தையும் படிக்கின்றது.

இவ்வாறு இகழப்பட்டோரின் கலையை நாம் விலக்கினோமா? இல்லை. கபிரிஞ்ஞாவின் தாளம் பைலாவுக்கு ஊட்டமளித்தது. பொலிஸ் சேவையிலிருந்த வோலி பஸ்டியன் பைலாவைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை வழியாக அத்துள்ளல் தமிழ் மேடையையும் அடைந்தது. தாளம் எல்லோருக்கும் உரியதாயிற்று. தாளத்துக்கு உரியவரோ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் பிரதான இன அட்டவணையில் 'ஏனையோர்' என்பதனுள் அடங்கிப் போயினர்.

பெயர் மாற்றங்களை நாம் புறக்கணிக்கவில்லை. அவை நிறுவனங்களின் கருணையால் வந்தவையல்ல. தெருவில் இறங்கிய மக்கள் ஈட்டியவை. ஆயினும் போராட்டம் பெயர்ப்பலகையோடு நிற்குமாயின், மூலதனம் அதனையும் விளம்பரமாக்கிவிடும். தமிழியல் ஆய்வாளருக்கு இங்கு ஒரு கடமை உண்டு. பாலையூற்றின் கிரியோல் பேச்சும், கபிரிஞ்ஞாவும், பட்டறை உழைப்பின் நினைவுகளும் கிழக்கிலங்கையின் வரலாற்றிலிருந்து பிரிக்கமுடியாதவை. அவற்றை அம்மக்களோடு இருந்து, அவர்கள் வழங்கும் பெயர்களாலேயே பதிவுசெய்தல் வேண்டும். அடிமையின் பெயரை அழித்துக் கொம்பனியின் பெயரைக் காக்கும் வரலாற்றுக்கு அதுவே எமது மறுமொழியாகும்.