வாசல்வரை போன வாயு

கன்னி ராசியின் திசையில், 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், எம்87 என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. அங்கே முதுமையடைந்த ஒரு விண்மீன், சிவந்து ஊதிப் பெருத்து, தன் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி உதிர்ந்த வாயுவில் ஒரு பங்கு எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

நம் பால்வெளியாக இருந்தால் அந்த வாயு குளிர்ந்து, மேகமாகத் திரண்டு, புதிய விண்மீனாகப் பிறந்திருக்கக்கூடும். எம்87 அப்படிப்பட்ட இடம் இல்லை. அது உருண்டு திரண்ட, வயதான மண்டலம். விண்மீன்களுக்கு நடுவே ஒரு கோடி டிகிரிக்கும் மேல் கொதிக்கும் வாயுக்கடல் பரவிக் கிடக்கிறது. நம் வாயுவும் அதில் கலந்து அதே சூட்டை அடைகிறது. இத்தனை சூட்டில் வாயு எக்ஸ் கதிர்களாக ஒளிரும். ஒளிர ஒளிர ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்தால் மையத்தை நோக்கி இறங்கும். இந்த இறக்கம் மிக மெதுவானது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா விண்நோக்கியின் படங்களில் இந்த வாயுக்கடலின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

மையத்துக்குச் சில நூறு ஒளியாண்டு தூரத்தில் ஆட்சி மாறுகிறது. அதுவரை மண்டலத்தின் ஒட்டுமொத்த ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டிருந்த வாயு, இப்போது ஒரே ஒரு பொருளின் பிடிக்குள் வருகிறது. 650 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அது. ஒளியும் தப்ப முடியாத அதன் எல்லையின் விட்டம் ஏறத்தாழ 3,800 கோடி கிலோமீட்டர். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், எல்லை புளூட்டோவையும் தாண்டி மும்மடங்கு தூரம் போகும்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று பள்ளிப் புத்தகம் முதல் சினிமா வரை சொல்லி வைத்திருக்கிறார்கள். அது உறிஞ்சுவதில்லை. தொலைவில் இருக்கும் பொருளுக்கு அது நிறைமிக்க இன்னொரு பொருள், அவ்வளவுதான். நம் வாயு நேராக விழவில்லை. பக்கவாட்டு வேகம் கொஞ்சம் இருக்கிறது. அந்த வேகம் இருக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும், பூமி சூரியனைச் சுற்றுவதைப் போல. உள்ளே போக வேண்டுமென்றால் தன் சுழல் உந்தத்தை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். யாரிடம்? வாயுத் துகள்களுக்கு இடையிலான சாதாரண உராய்வு இதற்குப் போதவே போதாது.

இதற்கு விடை காந்தத்தில் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுப்பாதைகளில் போகும் இரண்டு வாயுத் துணுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பாதையில் இருப்பது வேகமாகப் போகும், வெளிப்பாதையில் இருப்பது பின்தங்கும். இரண்டையும் ஒரு காந்தப்புலக் கோடு இணைத்திருந்தால், அது முன்னால் ஓடுவதைப் பின்னால் இழுக்கும், பின்தங்கியதை முன்னால் தள்ளும். இழுபட்ட துணுக்கு உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே இறங்கும்; உள்ளே இறங்கினால் வேகம் கூடும்; வேகம் கூடினால் கோடு இன்னும் நீளும், இன்னும் பலமாக இழுக்கும். தொடங்கிவிட்டால் நிற்காது. காந்தப்புலம் மிகப் பலவீனமாக இருந்தாலே போதும். 1991இல் பால்பஸ், ஹாலி என்ற இருவர் இதுதான் வாயுவை உள்ளே இறக்கும் வழி என்று காட்டினார்கள். ஆனால் சுழலும் காந்தப் பாய்மத்தில் இப்படியொரு நிலையின்மை உண்டு என்பதை 1959இல் சோவியத் நாட்டின் வெலிகோவும், 1960இல் சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஏற்கெனவே கணக்குப் போட்டு எழுதிவைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக அதைக் கருந்துளையோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. சந்திரசேகர் என்றதும் நாம் வெண்குள்ள விண்மீன்களின் எல்லையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இந்த வாயுவைப் படமெடுக்கும் விண்நோக்கிக்கு அவர் பெயர். வாயு இறங்கும் வழியைச் சொன்ன கணக்கிலும் அவர் கை இருக்கிறது. இரண்டாவது செய்தியை மேடைகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இறங்கும் வாயு சூடேறும், ஒளிரும். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் தொலைவைக் கண்டறிந்தபோது, அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு வெளிச்சம் எப்படி வரும் என்று எல்லோரும் திகைத்தார்கள். மறு ஆண்டே சால்பீட்டரும் செல்டோவிச்சும் பெருங்கருந்துளையில் விழும் வாயுவைக் காரணமாகச் சொன்னார்கள். விண்மீனுக்குள் ஹைட்ரஜன் எரிந்தால் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாக மாறும். கருந்துளையைச் சுற்றி வட்டாக இறங்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மாறலாம்.

எம்87இன் கதை வேறு. அங்கே கருந்துளையருகே வாயு மிக மெலிந்தது. ஒளிர்ந்து ஆற முடியாமல் சூட்டைத் தன்னோடே சுமந்துகொண்டு இறங்குகிறது. அந்தச் சூடே பெரும்பகுதி வாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. சில நூறு ஒளியாண்டு தூரத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு சூரிய நிறை கிளம்புகிறது என்று சந்திராவின் அளவீடுகளிலிருந்து கணக்கிட்டார்கள். கருந்துளையின் அருகில் அதில் நூறில் இரண்டு பங்குகூடத் தேறுவதில்லை. வியாழன் கோளின் நிறையைப் போல ஆண்டுக்கு ஒன்று, கொஞ்சம் முன்னே பின்னே. நம் வாயுவில் பெரும்பங்கு இங்கேயே திரும்பிவிட்டது.

மிச்சம் வந்து சேரும் இடத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2017 ஏப்ரலில் உலகெங்கும் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் சேர்ந்து எடுத்து, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு வளையம் அதுதான். தெற்குப் பக்கம் பிரகாசமாக இருக்கிறதே, அங்கே வாயு நம்மை நோக்கி ஒளிவேகத்தை நெருங்கி ஓடிவருகிறது. 2021இல் அந்த ஒளியின் முனைவாக்கத்தை வைத்து அங்குள்ள காந்தப்புலம் 1 முதல் 30 காஸ் என்று மதிப்பிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அது சூரியக் குடும்பத்தைவிடப் பெரிய பரப்பில் விரிந்திருக்கிறது. உள்ளே வரும் வாயுவையே தடுத்து நிறுத்தும் அளவுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது.

இனி, மையத்திலிருந்து நேராகப் பாய்ந்து கிளம்பும் துகள்பாய்ச்சலான தாரை. கருந்துளைக்கு உள்ளேயிருந்து அது பீறிட்டு வருவதாக நினைப்பவர்கள் உண்டு. உள்ளே போனது வெளியே வராது. நம் வாயு இறங்கும்போது காந்தப்புலக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு வந்து எல்லையருகே குவித்துவிடுகிறது. கருந்துளை சுழல்கிறது, சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள வெளியையே சேர்த்துச் சுழற்றுகிறது. தயிர் கடையும்போது கயிறு மத்தைச் சுழற்றும். இங்கே மத்து கயிற்றை முறுக்குகிறது. முறுக்கேறிய புலக்கோடுகள் இரு துருவங்களின் வழியே ஆற்றலை வெளியே கொண்டுபோகின்றன. இதை 1977இல் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாஜெக்கும் எழுதினார்கள். ஆற்றலைக் கொடுப்பது வாயுவின் வீழ்ச்சி அல்ல, கருந்துளையின் சுழற்சி. வாயுவின் வேலை காந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்து, அதை அங்கேயே அழுத்திப் பிடித்திருப்பது. எம்87இன் தாரை சுமக்கும் ஆற்றல், வந்து விழும் சொற்ப வாயுவின் முழு நிறையையும் ஆற்றலாக்கினால் கிடைப்பதோடு ஒப்பிடும் அளவில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், சுழற்சியைத் தவிர வேறு கணக்கு ஒத்துவராது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் பயணம் போகும் துகள்களில் எலெக்ட்ரான்கள் உண்டு. வட்டிலிருந்து வந்த புரோட்டான்கள் எத்தனை, அங்கேயே பிறந்த பாசிட்ரான்கள் எத்தனை என்று இன்னும் வாதம் ஓடுகிறது. 2023இல் வெளியான ஒரு படத்தில் வளையமும் அதிலிருந்து கிளம்பும் தாரையும் முதன்முறையாக ஒன்றாகத் தெரிந்தன. அதே ஆண்டு, தாரையின் திசை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஆடித் திரும்புகிறது என்றும் கண்டார்கள்; கருந்துளை சுழல்கிறது என்பதற்கு இது வலுவான சாட்சி.

தாரையை மனிதர் முதலில் பார்த்தது 1918இல். அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ், மங்கலான மண்டலத்தின் நடுவிலிருந்து ஒரு நேரான கதிர் நீள்வதைக் குறித்துவைத்தார். காரணம் தெரியாததால் அதோடு விட்டுவிட்டார். 1956இல் வால்ட்டர் பாடே அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருப்பதைக் காட்டிய பிறகே, காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலெக்ட்ரான்களின் ஒளி அது என்று உறுதியானது.

கிளம்பும் இடத்திலிருந்து சில நூறு ஒளியாண்டு போனதும் எச்எஸ்டி-1 என்ற முடிச்சு வருகிறது. ஹபிள் படங்களில் அதன் துணுக்குகள் ஒளியைவிட ஆறு மடங்கு வேகத்தில் நகர்வதாகத் தெரிந்தது. ஐன்ஸ்டைனுக்கு ஆபத்தில்லை. தாரை நம்மை நோக்கி, 17 டிகிரி சாய்வில் வருகிறது. துணுக்கு, தான் அனுப்பிய ஒளியின் பின்னாலேயே ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிவருவதால், அதன் பல ஆண்டு நகர்வு நமக்குச் சில மாதங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. எதிர்ப்பக்கம் போகும் இரட்டைத் தாரை நமக்குக் கிட்டத்தட்டத் தெரியாமல் போவதற்கும் இந்த வேகமே காரணம். 2005இல் இந்த முடிச்சு எக்ஸ் கதிரில் முன்பிருந்ததைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் பிரகாசித்து, மையத்தையே மங்கவைத்தது. எக்ஸ் கதிர் வீசும் எலெக்ட்ரான் சில ஆண்டுகளிலேயே களைத்துவிடும். தாரையோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளம். ஆகவே வழியெல்லாம் அதிர்வலைகளும் காந்த முறிவுகளும் அவற்றைத் திரும்பத் திரும்ப உசுப்பிவிடுகின்றன.

சில ஆயிரம் ஒளியாண்டு தாண்டியதும் தாரையின் கட்டு குலைகிறது. வேகம் அடங்கி, வாயுக்கடலுக்குள் குமிழ்களாக ஊதிப் பரவுகிறது. ரேடியோ அலையில் பார்த்தால் இரண்டரை லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பெரும் குமிழ். மேலெழும் குமிழ்கள் மையத்தருகே ஆறத் தொடங்கிய வாயுவைத் தங்களோடு தூக்கிச் செல்கின்றன. அதிர்வலைகள் மீதியைச் சூடேற்றுகின்றன. ஆறி விண்மீனாகியிருக்க வேண்டிய வாயு ஆறாமலே இருக்கிறது. இத்தனை வாயு இருந்தும் எம்87இல் புது விண்மீன்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று பலரும் ஏற்கிறார்கள்.

2012இல் ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி அந்தக் குமிழைத் தாழ்ந்த அலைவரிசையில் படமெடுத்தது. குமிழுக்கு வெளியே சிதறிய பழைய எலெக்ட்ரான்களைத் தேடினார்கள். அப்படி எதுவும் இல்லை. விளிம்பு வெட்டியதைப் போலக் கூர்மையாக இருந்தது. குமிழின் வயது சுமார் 4 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார்கள். இத்தனை காலமும் உள்ளே வந்த ஆற்றலைச் சுற்றியுள்ள வாயுக்கடல் அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. தாரையேறிப் போன துகள்கள் எம்87ஐ விட்டு இன்னும் வெளியேறவில்லை.