டென்னிஸ் ஆட்டத்தில் நேரக்கணிப்பு

டென்னிஸ் ஆட்டத்தில் நேரக்கணிப்பு என்பது எதிரே வரும் பந்தை உரிய இடத்தில், உரிய கணத்தில் மட்டையால் சந்திக்கும் திறன் ஆகும். ஆட்டக்காரர்களிடையே இது டைமிங் என்றே வழங்கப்படுகிறது. உடற்சமநிலையும் தாளமும் இதிலிருந்து பிரிக்க இயலாதவை. சமநிலை குலைந்தவரால் உரிய கணத்தில் அடிக்க இயலாது. தாளம் இல்லாதவர் ஒருமுறை சரியாக அடித்தாலும் அதை மறுமுறை செய்ய இயலாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணனும் அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணனும் உடல்வலிமையைக் காட்டிலும் இத்திறனையே நம்பி உலக அரங்கில் ஆடியவர்கள்.

பந்தும் காலமும்

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அடிக்கப்படும் சர்வீஸ், காற்றின் தடையாலும் தரையில் படுவதாலும் வேகம் குறைந்த பின்னரும், ஏறத்தாழ 0.6 நொடியில் எதிராளியை அடைந்துவிடுகிறது. கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே அதில் 0.2 நொடி அளவு கழிந்துவிடும். பந்து மட்டையின் வலைப்பின்னலில் தங்கியிருப்பதோ 0.005 நொடி அளவே. மட்டையின் தலை மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது எனக் கொண்டால், நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் அது 25 செ.மீ. நகர்ந்துவிடும். எனவே சிறிதளவு முந்தினாலும் பிந்தினாலும் பந்து திசை மாறிச் செல்லும்.

மட்டையை மேலும் வேகமாக வீசினால் பிழைக்கு உள்ள இடம் இன்னும் சுருங்கும். வலுவாக அடித்தால் நன்றாக அடிக்கலாம் என்ற எண்ணம் தொடக்கநிலை ஆட்டக்காரர்களைக் கெடுப்பது இதனாலேயே. வேகமாக வரும் பந்தில் வேண்டிய விசை ஏற்கெனவே உள்ளது. அதைச் சரியாகச் சந்தித்துத் திருப்பினால், குறுகிய வீச்சே போதுமானது.

சமநிலை

எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் ஆட்டக்காரர் இடும் சிறு துள்ளலே சமநிலையின் தொடக்கம் ஆகும். இரு கால்களும் சற்று அகன்று, முழங்கால்கள் மடங்கிய நிலையில் தரையில் இறங்குவதால் எந்தப் பக்கமும் உடனே நகர முடிகிறது. துள்ளல் பிந்தினால் முதல் அடியும் பிந்தும். ஓடிக்கொண்டே அடிக்க நேரும். கையின் பிழையாகத் தோன்றுபவற்றுள் பல உண்மையில் காலின் பிழைகளே.

தலையை அசையாது வைத்திருப்பது மற்றொன்று. அடித்த பந்து எங்கே செல்கிறது எனப் பார்க்கும் ஆவலில் தலையை முன்னதாகவே உயர்த்தினால் தோளும் உடன் திரும்பி மட்டையின் முகம் மாறிவிடுகிறது.

தாளம்

பந்து தரையில் படுவது ஓர் ஒலி. மட்டையில் படுவது அடுத்த ஒலி. இவற்றிற்கு இடைப்பட்ட காலம் ஒவ்வொரு பந்துக்கும் மாறுகிறது. ஆகவே இங்குத் தாளம் என்பது மாறாத ஒரே கதி அன்று. வரும் பந்தின் கதிக்குத் தன் வீச்சை இசைவித்துக் கொள்வதே ஆகும். கருநாடக இசையில் பாட்டின் எடுப்பு தாளத்துக்கு முன்பும் அமையலாம், பின்பும் அமையலாம். டென்னிசில் பிந்திய எடுப்புக்கு இடமில்லை. பந்து தரையைத் தொடும் முன்பே தோள் திரும்பியிருக்க வேண்டும்.

சர்வீசில் மட்டும் தாளம் முழுவதும் ஆட்டக்காரரின் கையில் உள்ளது. மேலே எறியப்படும் பந்து தன் உச்சியை ஒட்டிய 10 செ.மீ. உயரத்துக்குள் ஏறி இறங்க 0.29 நொடி எடுத்துக்கொள்கிறது. உச்சியிலிருந்து ஒரு மீட்டர் விழுந்த பின்னர் அதே 10 செ.மீ. தொலைவைக் கடக்க அதற்கு 0.02 நொடிக்குச் சற்று மேல் போதும். பந்தை மிக உயரமாக எறிபவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே கடினமாக்கிக் கொள்கின்றனர்.

கிருஷ்ணன் குடும்பம்

1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்கு அவருடைய தந்தை டி. கே. இராமநாதனே பயிற்சியளித்தார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் ஆவார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை வென்று, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். அவருடைய சர்வீஸ் அச்சம் தரக்கூடியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அக்கால மர மட்டைகளின் முகப்பரப்பு சுமார் 450 சதுர செ.மீ. மட்டுமே, இன்றைய மட்டைகளில் அது 600 சதுர செ.மீட்டருக்கு மேல். நடுப்பகுதியிலிருந்து சற்று விலகிப் பட்டாலும் தண்டிக்கும் அம்மட்டையைக் கொண்டு, தாழ்ந்து எழும் புல்தரைப் பந்துகளை அவர் கையாண்டார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1962இல் நான்காம் தரநிலையுடன் விம்பிள்டனில் இறங்கிய அவர், கணுக்கால் காயத்தால் இடையில் விலகினார். காலின் சமநிலையை நம்பிய ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது.

1966 திசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியின் தீர்மான ஆட்டத்தில், தாமஸ் கோச்சிடம் ஒன்றுக்கு இரண்டு செட்களில் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2–5 என இருந்த நிலையிலிருந்து மீண்டு கிருஷ்ணன் வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப்போட்டிக்குச் சென்றது.

1961இல் சென்னையில் பிறந்த ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இளையோர் பட்டங்களை வென்றார். எழும் பந்தை முன்னதாகவே சந்தித்து எதிராளியின் வேகத்தை அவரிடமே திருப்புவது அவருடைய முறை. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்தவரும் முந்தைய ஆண்டின் வாகையாளருமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் தோற்கடித்தார்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மென்மையான சர்வீஸ் எளிய புள்ளிகளைத் தராது; ஒவ்வொரு புள்ளிக்கும் உழைக்க வேண்டும். ரமேஷ் மூன்று முறை கிராண்ட்ஸ்லாம் காலிறுதியை எட்டியும் அதற்கு மேல் செல்லவில்லை. அவருடைய மிக உயர்ந்த தரவரிசை 23. புதிய மட்டைகள் வந்தபின் கடும் மேற்சுழற்சியுடன் தோளுயரத்துக்கு எழும் பந்துகள் பெருகி, தட்டையாக அடிப்போருக்கு மேலும் இடர்ப்பாடாயின.

பயிற்சி முறைகள்

அமெரிக்கப் பயிற்சியாளர் டிமோதி கால்வே 1974இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய பயிற்சியைக் கூறியுள்ளார். பந்து தரையில் படும்போது ஒரு சொல்லையும் மட்டையில் படும்போது மற்றொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் "தரை", "அடி" எனக் கூறலாம். சொல் பந்துக்கு முந்துகிறதா, பிந்துகிறதா என்பதைக் கேட்டே ஆட்டக்காரர் தன் பிழையை அறிகிறார்.

வலையிலிருந்து 6.40 மீட்டர் தொலைவில் உள்ள சர்வீஸ் கோட்டில் இருவரும் நின்று மெதுவாக ஆடுவதும் பயன் தரும். இங்கு வலுவுக்கு வேலை இல்லாததால் சந்திக்கும் கணம் தெளிவாகப் புலப்படும். சமநிலையைச் சோதிக்க, அடித்து முடித்த நிலையிலேயே பந்து எதிர்ப்பக்கத் தரையில் படும்வரை அசையாது நிற்க வேண்டும். நிற்க இயலாமல் ஓரடி எடுத்து வைப்பவர் சாய்ந்தபடி அடித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

களம் கிடைக்காத மாணவர்களுக்குச் சுவரே போதும். ஆனால் சுவர் பந்தை விரைவாகத் திருப்புவதால், சற்றுத் தள்ளி நின்று பந்து இருமுறை தரையில் பட்டபின் அடிப்பது தொடக்கத்தில் நல்லது.