அழாத கவிதை: ‘புத்தரின் படுகொலை’யை வாசித்தல்

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. நாங்கள் பிறப்பதற்கு இருபது வருசம் முந்திய கதை. எங்களுக்குத் தெரிந்தது திருத்திக் கட்டிய வெள்ளைக் கட்டடம் மட்டும்தான். அந்த இரவை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’.

அதே ஆண்டில் எழுதப்பட்ட கவிதை அது. ஆனால் அதில் ஒப்பாரி இல்லை, சாபமும் இல்லை. ஒரு கனவு சொல்லப்படுகிறது. சிவில் உடுப்பில் வந்த பொலிஸார் புத்தரைச் சுட்டுவிட்டார்கள். உடல் நூலகப் படிக்கட்டில் கிடக்கிறது. இரவோடிரவாக அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டியலில் இல்லாத ஆளை ஏன் கொன்றீர்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை. இவரைக் கொல்லாமல் வேறெதையும் கொல்ல ஏலாது என்பது சுட்டவர்களின் விளக்கம்.

வடிவத்தைக் கவனிச்சுப் பாருங்கள். சின்னச் சின்ன வரிகள். அலங்காரம் இல்லாத சொற்கள். நடுவில் வருகிற உரையாடல், ஒரு கந்தோரில் பிழைச்சுப்போன கோப்பைப் பற்றிக் கதைக்கிற மாதிரி இருக்கு. கவிஞர் எங்கேயும் கோபப்படுவதில்லை. அந்தக் குளிர்ந்த பேச்சைக் கேட்கிற எங்களுக்குத்தான் கோபம் வருகிறது.

முடிவில் நூல்களே சிதை ஆகின்றன. நெருப்பு மூட்டப் பயன்படுவது, மனிதர் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடமைகளைச் சொல்லும் பௌத்த சூத்திரம். புத்தரின் உடலோடு தம்மபதமும் சாம்பலாகிறது. அதாவது, எரித்தவர்கள் தமிழரின் நூலகத்தை மட்டும் எரிக்கவில்லை. தாங்கள் கும்பிடுவதையும் சேர்த்தே எரித்தார்கள்.

எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த ஒரு முஸ்லிம். எரிந்தது யாழ்ப்பாணத்து நூலகம். கவிதையில் செத்துக் கிடப்பவர் புத்தர். ‘எங்கட ஆக்கள், அவையட ஆக்கள்’ என்று நாங்கள் வழமையாகப் போடுகிற கணக்கு இங்கே சரிவருவதில்லை. ஒரு சிங்கள நண்பருக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னால், அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கத் தேவையில்லை. செத்த வீட்டுக்காரராகவே எங்களோடு நிற்கலாம்.

ஒவ்வொரு யூன் மாதமும் நாங்கள் முகநூலில் எரிந்த கட்டடத்தின் படத்தைப் போட்டு, கடும் சொற்களில் நாலு வரி எழுதுகிறோம். அடுத்த நாள் மறந்தும் விடுகிறோம். சத்தம் போடாத இந்தக் கவிதையை நாற்பது வருசம் கழிச்சும் ஆட்கள் வாசிக்கிறார்கள். வரலாற்றை எப்படி எழுதுவது என்று யோசிக்கிற எங்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.